வெள்ளைக் கொடிக்கு வந்த விமானம்

3 பெப்ரவரி 2025, திங்கள்

எனக்குப் புது உத்தியோகம் கிடைத்திருக்கிறது. கொடி பிடிப்பது. கட்சிக் கொடி இல்லை; அதற்கென்றால் சோற்றுப் பார்சலாவது கிடைக்கும். கல்பிட்டியில் ஹோட்டல் வைத்திருக்கும் கிளைட்டன் சேர், தன்னுடைய பழைய விமானத்தால் எங்கள் மாம்புரித் தென்னைகளுக்கு வெள்ளை ஈ மருந்து அடித்துக் காட்டப்போகிறாராம். தோட்டத்து முனையில் நான் வெள்ளைக் கொடியோடு நிற்பேன். அவர் கொடியைப் பார்த்து நேராக வந்து தூவிவிட்டுத் திரும்புவார்.

மருந்து என்றால் சவர்க்காரத் தண்ணீரும் வேப்பெண்ணெயும். வாளியால் ஊற்றினால் வேலை, ஆகாயத்திலிருந்து ஊற்றினால் விஞ்ஞானம்.

6 பெப்ரவரி

விமானத்தைப் பார்த்தேன். மேலே ஒரு சோடிச் செட்டை, கீழே ஒரு சோடி. ஒன்று கழன்றாலும் மற்றது இருக்கட்டும் என்று வைத்தார்கள்போல.

அதன் சேவை வரலாற்றை சேர் ஹோட்டல் வாசலில் பலகையில் எழுதி வைத்திருக்கிறார். அது போதாதென்று வாயாலும் ஒப்பித்தார். உலகப் போரில் பெடியன்களுக்குப் பறக்கப் பழக்கியதாம். பிறகு எங்கோ பருத்திக்கு மருந்து அடித்து, மின்கம்பியில் மாட்டிக் கவிழ்ந்ததாம். திருத்தி இன்னொரு நாட்டுக்கு விற்றார்களாம். அங்கே கோதுமை வயலில் கவிழ்ந்ததாம். அதன்பின் ஒரு கொட்டிலில் நீண்ட தூக்கம். சேர் துண்டு துண்டாக இறக்கிப் பூட்டி முழு விமானமாக்கியிருக்கிறார்.

"ரெண்டு தரம் விழுந்தும் ஒரு ஆள் சாகல்ல, நௌஃபர். அதுதான் இதுட ராசி."

மூன்றாம் தரத்துக்கு என்னைக் கூப்பிட்டிருக்கிறார்.

11 பெப்ரவரி, பகல்

இஸ்ஹாக் மச்சான் விடியச் சுபஹுத் தொழுகையோடு கண்ணை மூடிவிட்டார், மௌத். கூடப்பிறந்த ராத்தாவின் மாப்பிள்ளை, பக்கத்து வளவு. ஆறு வருசமாக இரண்டு வீட்டுக்கும் கதை பேச்சு இல்லை. மூன்று தென்னைகள் வேலிக்கு அந்தப் பக்கமா இந்தப் பக்கமா என்று வந்த சண்டை. "என்ட வாசல மிதிக்காத" என்றார் மச்சான். நான் சொல் கேட்கிறவன், மிதிக்கவில்லை. ராத்தா அன்றைக்கு ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் இன்னும் சுடுகிறது.

பள்ளியில் கடைசி வரிசைச் சஃப்பில் நின்று ஜனாஸாத் தொழுதேன். அடக்கியதும் வந்துவிட்டேன். பின்னேரம் சேரின் விமானம் வருகிறது.

"ராத்தாட மொகத்தப் பாக்காம எங்க போறீங்க?" என்றாள் என் மனைவி றம்ஸியா.

"வேலை இரிக்கி."

"பொஞ்சாதிக்கிட்டச் சொல்ல நல்ல வேல. கொடி புடிக்கிறது!"

அதே நாள், மஃரிப் தொழுகைக்குப் பிறகு

யா அல்லாஹ். எங்கே தொடங்குவது?

மௌத்து வீட்டுக்கென்று ஒழுங்கை நெடுக வெள்ளைக் கொடி கட்டியிருந்தார்கள். றோட்டிலிருந்து ராத்தாவின் படலை வரைக்கும். தோட்டத்து முனையில் நான் ஒரே ஒரு கொடியோடு. மேலேயிருந்து பார்க்கிற மனிசனுக்கு எது தெரியும்? "நௌஃபர் எவ்வளவு வடிவா அடையாளம் வெச்சிருக்கான்" என்று நினைத்தாராம்! கொடி வரிசையிலேயே வந்தார். மௌத்து வீட்டில் முடித்தார். தறப்பாள், கதிரை, தேத்தண்ணி வாளி, ஓதிக்கொண்டிருந்த ஆட்களின் தொப்பி, எல்லாம் நுரை.

நான் கத்திக்கொண்டு மௌத்து வீட்டுப் பக்கம் ஓடினேன். கையில் கொடி. அதை எறியணும் எண்டு ஏன் எனக்குப் புத்தி வரல்ல? அவர் ஒரு சுற்றுச் சுற்றி என் கொடிக்குப் பின்னாலேயே வந்து, திரும்பவும் ராத்தாவின் வளவுக்கு அடித்தார்.

அப்போதுதான் ஆட்களைக் கண்டிருக்கிறார். மேலே இழுத்தார். இயந்திரம் இருமியது. சில்லு ஒரு தென்னையின் தலைவட்டில் தட்டி, விமானம் களப்பில் போய்க் கவிழ்ந்தது. முழங்கால் தண்ணீர். சேர் உடைந்த கையோடு எழும்பி நின்றார். ராசி என்றால் ராசிதான்.

ராத்தா யன்னலால் பார்த்தார். என்னை, என் கையிலிருந்த கொடியை. பிறகு யன்னலைச் சாத்தினார்.

12 பெப்ரவரி

ஊரில் எனக்குப் புதுப் பெயர்: ப்ளேன் நௌஃபர்.

16 பெப்ரவரி

சேர் கையில் மாவுக்கட்டோடு வந்தார். பொலிஸ் விசாரணை இருக்கிறது. அதற்கு முன் ராத்தாவிடம் நேரில் மன்னிப்புக் கேட்க வேண்டுமாம். மாப்பிள்ளை மௌத்தானதால் ராத்தா இத்தா இருக்கிறார், நாலு மாசம் பத்து நாள், அந்நிய ஆண்கள் முன்னால் போக ஏலாது என்று விளக்கினேன்.

"அப்ப ஆருக்குப் போக ஏலும்?"

"கூடப்பிறந்த ஆம்பிளைக்கு."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தேன். சேர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே றம்ஸியா சிரிப்பது கேட்டது.

17 பெப்ரவரி

போனேன். ராத்தா பாயில் இருந்தார். மெலிந்துபோய்விட்டார்.

"சேர் மன்னிப்புக் கேக்கச் சொன்னாரு."

"சேருக்கு வாய் இரிக்கி. ஒனக்கு?"

நான் பாயின் ஓரத்தில் இருந்தேன்.

"மச்சான் மௌத்தான நேரத்துல இருந்து நான் வாசலத்தான் பாத்துட்டிருந்தன்டா. தம்பி வருவான், தம்பி வருவான் எண்டு. சவுக்காரத் தேத்தண்ணிதான் வந்திச்சி."

அழுதேன். இந்த வயதில் மூக்கை வடியவிட்டு அழுதேன். "நீங்களும் ஒரு வார்த்த கதைக்கல்லயே ராத்தா" என்று மட்டும் வந்தது. அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்தார். பிறகு சொன்னார்:

"சேர மன்னிச்சாச்சி எண்டு சொல்லு. ஒன்ன யோசிக்கணும்."

9 ஏப்ரல்

பெருநாளுக்கும் போனேன். ராத்தா இன்னும் யோசிக்கிறார்.

அவருடைய தென்னைகளில் மட்டும் வெள்ளை ஈ குறைந்து, குருத்து பச்சையாக வந்திருக்கிறது. தேங்காய் விற்கிற விலைக்கு ஊரே எட்டிப் பார்க்கிறது. என்னைத் திட்டினவர்கள், "ப்ளேன் திரும்ப எப்ப வரும்?" என்று என்னிடமே கேட்கிறார்கள். விமானம் ஹோட்டல் வாசலில் காய்கிறது. பலகையில் புது வரி: 'மாம்புரி, அவசரத் தரையிறக்கம்.' களப்பைத் தரை என்று எழுதவும் ஒரு துணிவு வேண்டும்.

21 ஜூன், சனி

ராத்தாவின் இத்தா முடிந்தது. காலையில் வேலிப் பக்கம் கத்திச் சத்தம். போய்ப் பார்த்தால், அந்த மூன்று தென்னைகளுக்குப் பக்கத்தில் வேலியை வெட்டி வழி எடுத்துக்கொண்டிருக்கிறார். அந்த வழியாலேயே வந்து என் வீட்டுக் கதிரையில் இருந்தார்.

றம்ஸியா தேத்தண்ணி கொடுத்தாள். ராத்தா கோப்பையை மூக்கருகே கொண்டுபோய் மணந்து பார்த்தார்.

"இதுல சவுக்காரம் இல்லத்தானே?"

சிரிக்கத்தான் வாயைத் திறந்தேன். கண்ணில் வெள்ளை ஈ விழுந்துவிட்டது என்று சொல்லி வெளியே வந்து நின்றேன்.