நனைந்த தீப்பெட்டியின் சுருதி

ஜனவரி 12, ஞாயிறு

இன்றைக்கும் உடைந்தது. அதே பாட்டு, அதே இடம். ‘தெருவிளக்கு’ கடைசி வரியில் மேலே ஏறும்போது குரல் கீறிக்கொண்டு நின்றுவிட்டது. கல்லூரியில் நானே எழுதி, சைக்கிள் மிதித்துக்கொண்டே பாடிய பாட்டு அது.

எங்கள் இசைக்குழுவின் கிடார்காரன் பிளேடு, கிடாரை மடியில் சாய்த்துக்கொண்டு, “சுருதியைக் கொஞ்சம் இறக்கிக்கலாமாடா?” என்றான். வாயைத் திறந்தால் அறுப்பவன், இன்றைக்குப் பார்த்துச் சுருக்கமாகக் கேட்கிறான். புதிதாக வந்திருக்கும் கீபோர்டுகாரர், “ஒரு பட்டன்தான் சார்” என்றார். சாராம்.

“காலேஜ்லேருந்து இந்தச் சுருதியிலதான் பாடுறேன். இப்ப என்ன புதுசா இறக்குறது? கிழவனாயிட்டேனா?” என்று கத்திவிட்டேன். டிரம்ஸ் அடிக்கும் எங்கள் ‘இடி’ தலை குனிந்துகொண்டான். பிறகு பிளேடின் கிடாரில் இன்னொரு கம்பி அறுந்தது. இப்போதெல்லாம் அடிக்கடி அறுகிறது. தரமே இல்லை என்று கம்பி செய்பவனைத் திட்டித் தீர்த்தான்.

ஜனவரி 16, வியாழன்

தொண்டை டாக்டர் குழாயை விட்டுப் பார்த்தார். ஒன்றுமே இல்லையாம். “டீச்சர்தானே, கொஞ்சம் கம்மியா கத்துங்க” என்றார். ஒரு கட்டி இருந்திருந்தால்கூட அதன்மேல் பழியைப் போட்டிருப்பேன். இப்போது யார்மேல் போடுவது?

ஜனவரி 19, ஞாயிறு

பிராக்டிஸுக்குப் போகவில்லை. சளி என்று பொய் சொன்னேன்.

எங்கள் நாலாவது ஆள் ஒட்டடை வெளிநாட்டு வேலைக்குப் போனதிலிருந்துதான் எல்லாம் கோணலாகிவிட்டது. அவன் பேஸ் கிடாரைத் தோளில் மாட்டினால் கிடார்தான் குண்டாகத் தெரியும், அவ்வளவு ஒல்லி. ஆனால் காது இருக்கிறதே! சுருதி பார்க்கும் கருவி எதுவும் வைத்துக்கொள்ள மாட்டான். மனசுக்குள் எதையோ முனகிக்கொண்டு முதல் கம்பியை முறுக்குவான். அவனைக் கேட்டு பிளேடு முறுக்குவான், அப்புறம் நான் பாடுவேன். கல்லூரி அரங்கத்தின் மேடைக்குப் பின்னால் ஒரு பழைய பியானோ கிடந்தது, அதில்தான் அவன் தானாகவே பழகினான்.

அந்த அரங்கத்தில்தான் நாங்கள் நால்வரும் சேர்ந்தோம். ராக் இசையை நம்ம பாஷையில் பாடுவதா என்று எல்லாரும் சிரித்தார்கள். முதல் நிகழ்ச்சி திறந்தவெளியில். மழை கொட்டி மைக் செத்துவிட்டது. நான் வெறும் தொண்டையில் பாடினேன், கூட்டம் நனைந்துகொண்டே நின்றது. அன்றைக்கு வைத்த பெயர்தான் நனைந்த தீப்பெட்டி. இப்போது தீப்பெட்டி இருக்கிறது. குச்சிதான் பற்ற மாட்டேன் என்கிறது.

ஜனவரி 26, ஞாயிறு

பிளேடு வீட்டுக்கு வந்தான். காபியைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலே பேசினான். கல்லூரி ஆண்டுவிழாவில் பாட கீபோர்டுகாரரின் தம்பியைக் கேட்டிருக்கிறானாம். “இந்த ஒரு தடவை மட்டும்டா. உனக்கு ரெஸ்ட் கொடுத்த மாதிரி இருக்கும்.”

“என் பாட்டையா பாடப்போறான்?”

“நம்ம பாட்டுடா” என்றான்.

இவன்கூடவா இத்தனை வருஷம் ஒரே தட்டில் சாப்பிட்டேன். போய்த் தொலையட்டும் என்று எழுதத்தான் பார்க்கிறேன். அழுகைதான் வருகிறது.

ஜனவரி 29, புதன்

கரும்பலகையில் எழுதிக்கொண்டே இருந்தேன். பின்னால் பிள்ளைகள் என்ன செய்தார்கள் என்று தெரியாது. தெரிந்துகொள்ளவும் தோன்றவில்லை.

பிப்ரவரி 9, ஞாயிறு

குளித்துவிட்டு வந்தேன். என் மனைவி துணி மடித்துக்கொண்டே, “பாத்ரூம்ல மட்டும் எப்படிப் பாட்டு வருது? தெருக்கோடி வரைக்கும் கேட்குது, கடைசி வரியும் சேர்த்து” என்றாள். பாடியதே எனக்குத் தெரியவில்லை. குழாய் சத்தத்தில் உனக்கு அப்படித் தோன்றியிருக்கும் என்றேன்.

“ஆமாமா, எனக்குத்தான் காது போச்சு” என்று துண்டை என்மேல் எறிந்தாள்.

பிப்ரவரி 15, சனி

ஆண்டுவிழாவுக்குப் போகக்கூடாது என்றிருந்தேன். கால் கேட்கவில்லை.

கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். பையன் நன்றாகப் பாடினான். அதை எழுதத்தானே வேண்டும். ‘தெருவிளக்கு’ கடைசி வரியை அநாயாசமாக எடுத்தான், கூட்டம் எழுந்து நின்றது. மேடைக்குப் பின்னால் ஓடிவிட்டேன்.

அங்கே அந்தப் பழைய பியானோ இன்னும் இருந்தது. மேலே உடைந்த நாற்காலிகளைக் குவித்திருந்தார்கள். நிகழ்ச்சி முடிந்து அரங்கம் காலியானதும், சும்மா பாட்டின் முதல் ஸ்வரத்தை அழுத்தினேன். வாய் தானாகத் திறந்தது. முழுப் பாட்டும் வந்தது. கடைசி வரி வழுக்கிக்கொண்டு மேலே போனது!

நம்பவில்லை. மேடையில் இன்னும் கழற்றாமல் இருந்த கீபோர்டில் அதே கட்டையைத் தொட்டேன். எங்கேயோ மேலே கேட்டது. திரும்ப ஓடிப்போய் பியானோ, திரும்ப கீபோர்டு. யாராவது பார்த்திருந்தால் பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள். பியானோவின் சுருதி இறங்கிக் கிடக்கிறது. கீபோர்டின் இரண்டு கட்டைகளுக்கு நடுவே எங்கேயோ விழுகிறது. நாங்கள் சேர்ந்த காலத்திலேயே அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். ஒட்டடை அதைக் கேட்டுத்தானே வளர்ந்தான்? அவன் முனகியது இதைத்தானே? அவன் போய் கீபோர்டு வந்ததும் எல்லாரும் அதற்கு ஏற்றி முறுக்கிக்கொண்டார்கள். கம்பி ஏன் அறுகிறது என்று அந்த மடையன் யோசித்தானா? நான் யோசித்தேனா?

இறக்கிக்கலாமா என்று கேட்டான். ஒரு பட்டன்தான் என்றார்கள். நான்தான் மாட்டேன் என்றேன். ஐயோ.

பிப்ரவரி 17, திங்கள்

பிளேடிடம் போனில் எல்லாம் சொன்னேன். “இதை முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதாடா?” என்றான். எனக்கே அன்றைக்குத்தானே தெரியும். பையனை வைத்து ஆல்பம் பதிவுசெய்ய ஆட்கள் வந்துவிட்டார்களாம். “அவன்கிட்ட இப்ப எப்படிடா போகச் சொல்றது? நீயே சொல்லு.”

போனை வைத்துவிட்டேன். எப்படிச் சொல்வது?

பிப்ரவரி 20, வியாழன்

குளிக்கும்போது வாயை மூடிக்கொண்டு குளிக்கிறேன். இவள் கதவுக்கு வெளியே வந்து நின்றுவிட்டுப் போனாள்.

மார்ச் 2, ஞாயிறு

காலையில் இடி வந்தான். பிளேடு எல்லாம் சொல்லிவிட்டானாம். சமாதானம் சொல்வான் என்று பார்த்தால், சாப்பாட்டு மேஜை நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு பையிலிருந்து குச்சிகளை எடுத்தான்.

“பாடு.”

“எந்தச் சுருதியில?”

“என்கிட்ட போய் சுருதி கேட்கிறியே” என்றான்.

பாடினேன். நாற்காலி முதுகில் அடித்துக்கொண்டே வந்தான், பழைய வேகத்தில். கடைசி வரி வந்தது, முழுசாக, ஒரு பிசிறு இல்லாமல். இவள் அடுக்களை வாசலில் கரண்டியோடு நின்றாள். இடி குச்சிகளை நாற்காலியில் வைத்துவிட்டு மூக்கைச் சிந்தினான்.

கொஞ்ச நேரம் கழித்துக் கடிகாரத்தைப் பார்த்தான். பிராக்டிஸுக்கு நேரமாகிவிட்டதாம், பையன் வந்து காத்திருப்பானாம். எழுந்து செருப்பைத் தேடினான். என் முகத்தைப் பார்க்கவில்லை.

குச்சிகளை மறந்துவிட்டுப் போனான். நான்தான் தெரு வரைக்கும் ஓடிக் கொடுத்துவிட்டு வந்தேன்.