ஆற்றின் இந்தக் கரைக் கூலி

மொரொதோமி,
பிப்ரவரி, ஞாயிற்றுக்கிழமை

என் கண்ணு மிஸுஹோவுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சோற்றுக்கும் தூக்கத்துக்கும் குறைவில்லாமல் இருக்கிறோம், என் முழங்கால் மட்டும் படியேறும்போது முனகுகிறது, அதற்கும் என் வயதுதானே, இருந்துவிட்டுப் போகட்டும். அங்கே குஷிரோவில் கதவு திறக்க முடியாத அளவு பனி விழுந்ததாக டிவியில் காட்டினார்கள், அம்மா சாப்பாட்டை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். நீ சுகம் என்று போனில் சொன்னாலும் அவளுக்குப் போதவில்லை, உன் கையெழுத்தில் இரண்டு வரி வேண்டுமாம், எழுதிப் போடு. இந்தக் குளிர்காலத்து முதல் அறுவடைக் கடல்பாசியில் செய்த நோரித் தாள் ஒரு கட்டு தனியாக அனுப்பியிருக்கிறோம், ஈரம் படாத இடத்தில் வை.

நோரி வறுத்துப் பை கட்டும் நம் பட்டறை நன்றாக நடக்கிறது என்று அம்மா உன்னிடம் ஒரே வாக்கியத்தில் முடித்திருப்பாள். அந்த ஒரு வாக்கியத்துக்குப் பின்னால் நாங்கள் பட்டதை அவள் சொல்லமாட்டாள், நான் சொல்கிறேன். போன ஆகஸ்டில் குறைந்தபட்சக் கூலி எவ்வளவு ஏறப்போகிறது என்று பேப்பரில் வந்தது. உனக்குத் தெரியும், மாகாணத்துக்கு மாகாணம் தொகை வேறு, நம் சாகாவுக்கு ஒன்று, ஆற்றுக்கு அக்கரையில் ஃபுகுஓகாவுக்கு ஒன்று. இரண்டு கரையிலும் ஏறினாலும் அக்கரை எப்போதும் ஒரு படி மேலேதான் நிற்கும். பை கட்டும் மேசையில் ரேடியோவோடு போட்டி போட்டுப் பாடுவாளே ரிட்சுகோ, அவள் ஒரு மதியம் ஏப்ரனைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். "முதலாளி, கோவிச்சுக்காதீங்க. பாலத்தைத் தாண்டினா மணிக்கு முப்பது நாப்பது யென் கூட. சைக்கிள் மிதிக்கிற தூரம் ஒண்ணுதான். ரெண்டு பசங்க படிக்குதுங்க" என்றாள். அவள் வீடு இந்தக் கரையில்தான் இருக்கிறது, ஆனால் சட்டம் ஆள் எங்கே படுத்து எழுந்திருக்கிறாள் என்று பார்ப்பதில்லை, எந்தக் கரையில் வேலை செய்கிறாள் என்றுதான் பார்க்கிறது. நான் எதைச் சொல்லித் தடுப்பது, நல்லா இரும்மா என்று சொல்லி ஒரு பெட்டி நோரி கொடுத்து அனுப்பினேன்.

அவள் போனதும் மேசையில் மிஞ்சியது கினுயோ அக்கா மட்டும்தான். நீ பள்ளிக்கூடத்துக்குப் போகிற காலத்திலிருந்து நம்மோடு இருப்பவள். இப்போது எழுபத்தைந்து தாண்டிவிட்டது, விரல் முட்டியெல்லாம் வீங்கி, பையின் வாயைக் கிள்ளி மடிக்க முன்பைவிட நேரமாகிறது. ரிட்சுகோ இடத்துக்கு ஆள் வைக்க வேண்டும், புதுக் கூலி எல்லோருக்கும் கொடுக்க வேண்டும், கடலும் சில வருஷமாகக் கையை விரித்துவிட்டதால் பச்சை நோரியின் விலை ஏறிக் கிடக்கிறது, எப்படிச் சமாளிப்பது என்று நானும் அம்மாவும் அடுப்படியில் பேசிக்கொண்டிருந்தது அவள் காதில் விழுந்திருக்கிறது. மறுநாள் நான் வறுக்கும் இயந்திரத்தைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் வந்து, "தம்பி, எனக்குப் பழைய கூலியே போதும். அதையும் கொஞ்சம் குறைச்சுக்கோங்க. நான் பாதி ஆள்தானே இப்ப. ஆனா வர வேண்டாம்னு மட்டும் சொல்லிடாதீங்க. வீட்டுல அந்தக் கடிகாரச் சத்தத்தைத்தான் கேட்டுக்கிட்டு உக்காந்திருக்கணும்" என்றாள். அவள் வீட்டுக்காரர் போனதிலிருந்து அந்த வீட்டில் பேச்சுத்துணைக்கு ஆள் இல்லை என்று உனக்குத் தெரியும். வர வேண்டாம் என்று யார் சொல்வது என்றேன். அதே சமயம், மறைப்பானேன், இது நல்ல வழியாக இருக்கிறதே என்றும் மனசுக்குள் ஒரு குரல் சொன்னது. அவளும் சம்மதம், நானும் சம்மதம், யாருக்கு என்ன நஷ்டம்.

ஆனாலும் கேட்டுவிட்டுச் செய்வோம் என்று சாகா நகரத்தில் தொழிலாளர் அலுவலகத்துக்குப் போனேன். அங்கே இருந்தவர் உன் வயதுதான் இருப்பார், பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "நீங்க ரெண்டு பேரும் சம்மதிச்சுக் கையெழுத்தே போட்டாலும் அது செல்லாதுங்க ஐயா. குறைச்சுக் கொடுத்தா, மீதியைப் பின்னால கொடுத்தே ஆகணும், அபராதமும் உண்டு. பகுதி நேரமா இருந்தாலும், வயசானவங்களா இருந்தாலும், வெளிநாட்டுக்காரங்களா இருந்தாலும் இந்த மாகாணத்துல வேலைன்னா இந்த மாகாணத்துத் தொகைக்குக் கீழே இறங்க முடியாது" என்றார். விதிவிலக்கே இல்லையா என்று கேட்டேன். உடம்போ மனமோ அந்த வேலையைச் செய்ய முடியாத அளவு பாதிக்கப்பட்டிருந்தால் முன்கூட்டியே அனுமதி கேட்கலாமாம், ஆனால் வெறும் வயசு அதற்குக் காரணமாகாதாம். கை முட்டி வீங்கியதைச் சொன்னேன். "கேட்டுப் பாக்கலாம், கிடைக்கும்னு சொல்ல முடியாது. அவங்க வேலையை இன்னொருத்தர் வேலையோட பக்கத்துல வெச்சு ஒப்பிட்டுப் பாப்பாங்க" என்றார்.

பேருந்தில் திரும்பி வரும்போது அதுவே கண்ணுக்குள் நின்றது. கினுயோ அக்கா மேசையில் குனிந்து மடித்துக்கொண்டிருக்கிறாள், எதிரே ஒருவர் கடிகாரத்தோடு நிற்கிறார், அவளுக்கு வியர்க்கிறது. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னதும் அவள் கையிலிருந்த முள்ளங்கியைக் கீழே வைத்தாள். "ஏங்க, அக்கா பக்கத்துல ஆளை நிக்க வெச்சு அளக்கப்போறீங்களா? அப்ப முதல்ல உங்க முழங்காலை அளக்கச் சொல்லுங்க. உங்களுக்கு எவ்வளவு குறைக்கலாம்னு நான் பாத்துக்கறேன்" என்றாள். எனக்கும் உன் அம்மாவுக்கும் இந்தச் சட்டம் கிடையாது, நான் முதலாளி, அவள் முதலாளியின் வீட்டுக்காரி, எங்கள் இரண்டு பேருக்கும் மணிக்கு எவ்வளவு விழுகிறது என்று பார்த்தால் ரிட்சுகோ வயிறு வலிக்கச் சிரிப்பாள். அதைச் சொன்னதும் அம்மா, "அப்ப நான் போய்ப் புகார் சொல்ல ஒரு ஆபீசும் இல்லியா?" என்று கேட்டாள். இரண்டு பேரும் சிரித்தோம், சிரித்த பிறகுதான் தைரியம் வந்தது.

மிச்சமிருந்தது ஒரே வழி, விலையை ஏற்றுவது. பல வருஷமாக நான் தொடப் பயந்தது அதைத்தான். ஹகாதாவில் நம் பெட்டிகளை வாங்கும் ஒகுஸோனோவைப் பார்க்கக் கிளம்பினேன், ரயிலில் போகும் வழியெல்லாம் என்ன பேசுவது என்று உதட்டுக்குள்ளேயே ஒத்திகை பார்த்தேன், பக்கத்தில் இருந்த அம்மாள் இடம் மாறி உட்கார்ந்துவிட்டாள். அவரோ நான் தலைகுனிந்து வணங்கி நிமிர்வதற்குள், "விலை ஏத்தத்தானே வந்திருக்கீங்க? எல்லாரும் வந்துட்டுப் போயிட்டாங்க, நீங்க மட்டும் இன்னும் காணோமேன்னு நெனச்சேன்" என்றார். கேட்டதில் முக்கால்வாசி கொடுத்தார், வருஷக் கடைசிப் பரிசுப் பெட்டிகளைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டார். லாபமா நஷ்டமா என்று அன்றைக்குத் தெரியவில்லை, மூச்சு விடலாம் என்று மட்டும் தெரிந்தது. அந்த அலுவலகத்துப் பிள்ளை என்னை அனுப்பும்போது வாசல்வரை வந்து இன்னொன்றும் சொல்லியிருந்தார், கூலியை உயர்த்தும் சின்னப் பட்டறைகள் வேலைக்கு உதவும் இயந்திரம் வாங்கினால் அரசாங்கம் ஒரு பங்கு தருமாம், ஆனால் வாங்குவதற்கு முன்பே கேட்க வேண்டுமாம். கேட்டோம், இழுத்தடித்துக் கிடைத்தது. பையின் வாயை உள்ளே வைத்துக் காலால் மிதித்தால் ஒட்டிக்கொள்ளும் இயந்திரம். கிள்ளவும் வேண்டாம், மடிக்கவும் வேண்டாம், ரிட்சுகோ இடத்துக்கு இன்னொரு ஆளும் வேண்டாம். கினுயோ அக்கா அதன்முன் உட்கார்ந்து முதலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் மிதித்தாள், புதுசை அழுக்காக்கக் கூடாதாம்.

புதுக் கூலி கொடுத்த அன்று அவள் உறையைத் தள்ளி வைத்து, இவ்வளவு வேண்டாம் என்று முரண்டு பிடித்தாள். அம்மா விடவில்லை. "இது தயவு இல்லக்கா. சட்டம் கேக்குது, நாங்க கொடுக்கறோம். நீங்க வாங்காட்டி இவரைத்தான் புடிச்சுக்கிட்டுப் போவாங்க, அப்புறம் யார் நோரி வறுப்பா?" என்றாள். அக்கா என்னை ஒரு முறை பார்த்துவிட்டு உறையை மடியில் போட்டுக்கொண்டாள். மறுவாரம் நடந்ததைத்தான் நான் உனக்குச் சொல்ல வேண்டும். இத்தனை வருஷத்தில் வாயைத் திறந்து இது வேண்டும் என்று ஒன்று கேட்டதில்லை அவள். அன்று காலை வந்து கோட்டைக்கூடக் கழற்றாமல், "தம்பி, ஹீட்டர் எப்பப் பாத்தாலும் உங்க பக்கமே திரும்பியிருக்கு. எனக்கும் கால் இருக்கு. அப்புறம் இந்த டீ டீ மாதிரியா இருக்கு, இலையைக் கூடக் கொஞ்சம் போடச் சொல்லுங்க" என்றாள். நான் ஹீட்டரைத் திருப்பி வைத்துவிட்டுப் பின்கட்டுக்குப் போய் மூக்கைச் சிந்திக்கொண்டு வந்தேன். அதற்குப் பிறகு தினமும் எனக்கு ஏதாவது ஒரு திட்டு விழுகிறது, ரொம்பச் சுகமாக இருக்கிறது.

கண்ணு, புத்தாண்டுக்குப் பேசும்போது, மாட்டாஸ்பத்திரியில் நேரம் முடிந்தபிறகும் தொழுவத்தைக் கழுவிவிட்டுத்தான் போவேன், டாக்டர் நல்லவர், சின்ன இடம், அதற்கெல்லாம் கூலி கேட்க மனசு வரவில்லை என்று சொன்னாய். எனக்குச் சட்டென்று சொல்ல வராது, இப்போது சொல்கிறேன். நானும் சின்ன இடத்துக்காரன்தான், என்னையும் ஊரில் நல்லவன் என்கிறார்கள், அப்படியும் எவரும் கேட்காவிட்டால் கொடுக்காமலே இருக்க என்னால் முடிந்திருக்கும். உன் டாக்டருக்கும் அப்படித்தான் இருக்கும், கெட்ட எண்ணம் இருக்க வேண்டியதில்லை. நீ சண்டை போட வேண்டாம், முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவும் வேண்டாம், டீ குடிக்கும் நேரமாகப் பார்த்து, அந்த நேரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று ஒரு வார்த்தை கேள். முகம் சுளித்தால் சுளிக்கட்டும், ஒரு நாளில் சரியாகிவிடும். கேட்டுவிட்டு என்ன சொன்னார் என்று எழுது.

காதை மூடும் குல்லாய் போடாமல் வெளியே போகாதே, இராத்திரி சூடாக ஏதாவது சாப்பிட்டுப் படு. மாடு உதைக்கும் பக்கம் நிற்காதே என்று அம்மா சொல்லச் சொன்னாள். கடலும் வானமும் உன்னைக் காக்கட்டும், எடுத்த காரியம் எல்லாம் நல்லபடியாக முடியட்டும்.

எப்போதும் உன் நினைவாக,
அப்பா