ஓடிப்போனவர் ஏறிய கப்பல்

அன்புள்ள அப்பாவுக்கு, மகள் வணக்கத்துடன் எழுதுவது. நான் சுகம். உங்கள் முழங்கால் வலி தேவலையா?

லீவு நாளில், நம் குடும்பக் கதையைத் தேடி இங்குள்ள துறைமுக ஆவணக் காப்பகத்துக்குப் போனேன். பெண்டாட்டி பிள்ளையை விட்டுக் கடல் கடந்து இந்த நாட்டுக்கு ஓடிப்போனவர் என்று நாம் திட்டுகிறோமே, உங்கள் தாத்தா, அவர் பெயர் ஊர் திரும்பும் கப்பலின் பதிவேட்டில் இருந்தது. தகப்பன் பெயர், ஊர், எல்லாம் பொருந்தின. ‘நடுக்கடலில் காய்ச்சலால் மரணம். உடைமை: குழந்தைச் சட்டை இரண்டு.’

படித்ததும் ‘ஐயோ’ என்று கத்தி எழுந்துவிட்டேன். காப்பாளர் அம்மா பதறி, “என்னம்மா ஆச்சு?” என்றார்.

“எங்க கொள்ளுத்தாத்தா ஓடிப்போகலம்மா. வீட்டுக்குத்தான் வந்துட்டிருந்தாரு!”

அப்பா, ஒருமுறை அவர் பெயரைத் திட்டாமல் சொல்லி, போனில் பதிந்து அனுப்புங்கள். வீட்டுக் குரல் கேட்டு நாளாயிற்று. ஆஸ்பத்திரி டியூட்டிக்கு பஸ் வந்துவிட்டது.

உங்கள் மகள்