என் வாய் நேர்ந்தது

சேசு மரி சூசை

தூத்துக்குடி,
19 ஆகஸ்டு 1946

அன்புள்ள மகள் பிளாரன்ஸுக்கு அம்மை எழுதிக்கொண்டது. கொழும்பில் நீயும் மாப்பிள்ளை பால்துரையும் சுகமாயிருக்கத் தேவமாதாவை வேண்டுகிறேன். இங்கே நானும் அப்பாவும் இருக்கிறோம். சுகம் என்று எழுத வரவில்லை, சுகமில்லை என்று எழுதவும் தோன்றவில்லை. உன் தம்பி செபாஸ்டின் போய் நாற்பத்தோரு நாளாகிறது. தந்தி கொடுத்தது ரோச் சித்தப்பா, நாங்களில்லை. உன் கடுதாசி செவ்வாய்க்கிழமை வந்தது. நான் சர்வேசுரனுக்குக் கீழ்ப்படியாததால்தான் தம்பியை எடுத்துக்கொண்டாரா அம்மா என்று கேட்டிருக்கிறாய்.

விஷக்காய்ச்சல், இருபத்தொரு நாள். கடைசி நாலு நாள் பேச்சில்லை. விடியப் பூசை மணி அடிக்கும்போது மூச்சு நின்றது. எனக்கு அழுகை வரவில்லை, அவனுடைய கஞ்சிச் சட்டியைக் கழுவிக் கவிழ்த்தேன். கல்லறைத் தோட்டத்தில் எதிர்வீட்டு ஞானசௌந்தரி எல்லாரும் கேட்க, "நேந்த பிள்ளைய மடத்துக்கு அனுப்பாம விட்டா ஆண்டவரு வேற பிள்ளைய எடுத்துக்கிடுதாரு" என்றாள். கோபம்கூட வரவில்லை. ஐந்து வருசத்துக்கு முன்னே நானே உனக்கு அப்படித்தானே எழுதினேன், சர்வேசுரனை ஏமாற்றிவிட்டுச் சாயர்புரத்து வேறு சபைப் பையனோடு கப்பலேறினவள் என் மகளில்லை என்று. நீ எதற்காக நேரப்பட்டவள் என்பதை ஒழுங்காக உன்னிடம் சொன்னதுமில்லை. உனக்கு ஏழு வயசாயிருக்கையில் அப்பாவின் தோணி புயலில் சிக்கி ஒன்பது நாள் தகவலில்லை. பெரிய கோயிலில் முழங்காலில் நின்று, இவரைக் கரை சேர்த்தால் மகளைக் கன்னியாஸ்திரியாகத் தருகிறேன் என்றேன். பத்தாம் நாள் மன்னார்ப் பக்கம் கரையேறினதாகச் செய்தி வந்தது. நீ அப்போது வாசலில் புளியங்கொட்டை வைத்து விளையாடிக்கொண்டிருந்தாய். உன்னை நான் கேட்கவில்லை.

போன சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். என் பாவத்தைச் சொல்லவேண்டிய இடத்தில் உன் கீழ்ப்படியாமையைச் சொன்னேன். சாமியார் முழுக்கக் கேட்டுவிட்டு, "நேந்தது யாரு?" என்றார். நான்தான் சாமி என்றேன். "அப்போ அது உன் நேர்ச்சை. ஒருத்தி வாய் நேந்தது இன்னொருத்தியக் கட்டாது. பிள்ள மேல குத்தமில்ல" என்றார். பின்னே என் மகனை ஏன் எடுத்தார் என்று கேட்டேன். "எனக்குத் தெரியாது தாயே" என்றார். தெரியும் என்று சொல்லுகிறவர்களின் பேச்சையே இத்தனை நாளும் கேட்டிருந்தேன். இந்தப் பதில் போதுமாயிருந்தது. இப்போதும் தினம் பூசைக்குப் போகிறேன். செபத்தில் 'உம்முடைய சித்தம்' என்று வருகிற இடத்தில் மட்டும் வாய் நின்றுவிடுகிறது. இது கீழ்ப்படிதலா, எதிர்த்து நிற்பதா, எனக்கு விளங்கவில்லை. அதையும் சொன்னேன். "சொல்ல வராட்டாலும் வந்து நில்லு" என்றார். போய் நிற்கிறேன்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் எல்லாம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை அப்படியே தட்டில் வைத்துக்கொண்டு, "என் உசுருக்குப் பிள்ளையவா குடுத்த? என்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா?" என்றார். கைகழுவிவிட்டு வந்து, "அவளுக்கு எழுதிப் போடு" என்றார். ஐந்து வருசத்தில் உன்னைப் பற்றி அவர் சொன்ன முதல் வார்த்தை.

ஆகவே மகளே, தம்பி உன்னால் போகவில்லை. அன்று நான் எழுதினது தப்பு, அந்தக் கடுதாசி இருந்தால் அடுப்பில் போடு. ஏழாம் மாசம் என்று எழுதியிருக்கிறாய், தண்ணீர்க் குடம் தூக்காதே. பிள்ளைக்கு எந்தச் சபையில் ஞானஸ்நானம் என்பதில் எனக்கு ஆசை உண்டு, அதை எழுதவில்லை. பிள்ளைக்குச் சீக்கு வந்தால் டாக்டரிடம் கொண்டுபோ, மாதாவிடம் அழு, பிள்ளையின் பேரில் எதையும் நேராதே. சேசுநாதர் உன்னையும் மாப்பிள்ளையையும் வயிற்றுப் பிள்ளையையும் காப்பாராக.

அடுத்த மாசம் தோணி கொழும்புக்கு வருகிறது. அப்பா உன் விலாசத்தை ஒரு தாளில் எழுதி வாங்கிச் சட்டைப்பையில் வைத்திருக்கிறார். வருவேன் என்று சொல்லவில்லை. வந்தால் ஒன்றும் கேட்காதே, சோறு போடு.

இப்படிக்கு,
உன் அம்மை
பிலோமி இஞ்ஞாசி