மொல்தோகுலின் ஜாமீன்

மகனே,

ஆப்பிள் பூத்த பிறகு பனி கொட்டிய வருஷம் அது. வீட்டுக்கு ஒரு நாளென்று ஊர் ஆடுகளை மேய்த்த முறையை ஊர்த்தலைவர் சாதிர்பெக் நிறுத்தினார். "எல்லாரும் கூலி போட்டு நம்ம பசங்களையே வைப்போம். ரஷ்யாவுக்கு பஸ் ஏறுறது குறையட்டும்" என்று உன் பேரைச் சொன்னார்.

"அவனா? ஓநாய் வந்தா சலாம் போடுவான்!" என்றார் மொல்தோகுல். ஊர்க் கூட்டத்தில் இருந்த பெரியவர்களெல்லாம் சிரித்தார்கள். மறுநாள் நீ பஸ் ஏறினாய்.

இத்தனை வருஷம் கழித்து, இப்போது அந்த மேய்ப்பு வேலையில் ஓர் இடம் காலி. ஆடுகளை மலைக்கு ஓட்டுவதற்குள் ஆள் வேண்டும். நான் சொல்ல உன் மனைவி எழுதுகிறாள். இங்கே கொஞ்சம் நிறுத்திவிட்டாள். நான் எழுந்துபோய் ரோட்டைப் பார்த்துவிட்டு வந்தேன்.

நேற்று ஒரு கிழவர் தடியூன்றி வந்தார். "உன் பையனுக்கு நான் ஜாமீன் நிக்கிறேன். எப்ப வர்றான்?" என்றார். அன்று சிரித்தவர்களில் இன்னும் உயிரோடிருப்பது அந்த மொல்தோகுல் மட்டும்தான்.

உன் அப்பா