ஃபுல் இன்ஜின், ஒன்பது நாள்

வண்டிப் பதிவேடு. கரை நிலையம், டைட்டன்.
எழுதுவது: கோகிலவாணி, வண்டிப் பொறுப்பு.

நாள் 1111 · 06:20

வழக்கமான ஓட்டம். கிளம்பும் முன் ஆயிலைச் சூடாக்க நாற்பது நிமிடம். கரையிலிருந்து மேட்டு நிலையம் 214 கிலோமீட்டர், ஒன்றே முக்கால் மணி நேரம். ஏற்றியது: ஆக்சிஜன் அறுபது கிலோ, உப்புமா பாக்கெட் பன்னிரண்டு, நல்லசிவம் கேட்ட சாக்ஸ் ஒரு ஜோடி.

பின்னால் யாராவது இதைக் கண்டெடுத்தால் புரிய வேண்டுமே, அதனால் கொஞ்சம் விளக்கம். சனியைச் சுற்றுகிற இந்த நிலாவில் எரிகிற வாயு காற்றிலேயே கிடக்கிறது. பெட்ரோல் என்று ஒன்றைச் சுமக்க வேண்டியதில்லை. ஊரில் சும்மா கிடைக்கிற ஆக்சிஜனைத்தான் இங்கே டேங்கில் அடைத்துச் சுமக்கிறோம். இன்ஜின் குடிப்பதும் அதைத்தான், நாங்கள் மூச்சு விடுவதும் அதைத்தான். ஐஸிலிருந்து அதைப் பிரித்தெடுக்கிற மெஷின் கரையில் இருக்கிறது. மேட்டில் வெறும் டேங்க். நான் கரையில் இருக்கிறேன். என் வீட்டுக்காரர் நல்லசிவம் மேட்டில் துளை போடுகிறார். எங்கள் இரண்டு பேரைத் தவிர இந்த நிலாவில் ஈ, எறும்பு கிடையாது.

வண்டி அவசரத்துக்கென்று கொடுத்தது. ஆறு சிலிண்டர், நல்ல வேகம். பாரம் ஏற்றுகிற வண்டி இரண்டாம் வருஷமே படுத்துவிட்டதால் இதையே தினமும் ஓட்டுகிறேன். தினசரி ஓட்டத்துக்கு இவ்வளவு வேகம் ஆகாது என்று நான் சொல்வேன். வேகம் இல்லாவிட்டால் அது என்ன வண்டி என்று அவர் சொல்வார். பதினெட்டு வருஷக் கல்யாணத்தில் பாதி இந்தப் பேச்சிலேயே போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை நான் மேட்டில் தங்கித் தூங்குகிற நேரத்தில் வண்டியை எடுத்துக்கொண்டு ஐஸ் வெளியில் விரட்டுகிறார். ஆயில் சூடாவதற்குள் மிதிக்கிறார். போன மாதம் மீட்டரில் 380 கிலோமீட்டர் கூடுதல். கேட்டால், வண்டி டேங்கில் மிச்சம் இருந்ததில் சும்மா ஒரு ரவுண்டு போனாராம். நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

நாள் 1112 · 15:05

திரும்பி வருகையில் 160-வது கிலோமீட்டரில் இன்ஜின் அடியில் தட்டல் சத்தம். ஆயில் பிரஷர் பாதிக்குக் கீழே. முப்பதில் உருட்டிக்கொண்டு கரை வந்து சேர்ந்தேன். ஆயிலை வடித்தால் சல்லடையில் உலோகத் தூள் மினுக்குகிறது.

இன்ஜினை இறக்க வேண்டியதுதான்.

யார் கைவரிசை என்று எழுதத் தேவையில்லை.

நாள் 1113 · 08:10

இறக்கிப் பார்த்தாயிற்று. மூன்று வழி இருக்கிறது.

ஒன்று, ஹாஃப் இன்ஜின். மேலே ஹெட்டைத் திறந்து ரிங் மாற்றி மூடுவது. மூன்று நாள். ஆனால் தட்டுவது அடியில் இருக்கிற கிராங்க். மேலே எதைச் செய்தாலும் பாதி வழியில் நிற்கும். உடுப்பில் எட்டு மணி நேர மூச்சு, வெளியே மைனஸ் நூற்றெண்பது. அங்கே நின்றால் கதை முடிந்தது.

இரண்டு, அவருடைய பிஸ்டன். ஆளுக்குப் பன்னிரண்டு கிலோ சொந்தச் சாமான் கொண்டு வரலாம் என்றார்கள். நான் துணியும் அம்மியில் பாதி கனத்துக்கு ஊறுகாயும் கொண்டு வந்தேன். இந்த மனுஷன் பெரிய சைஸ் பிஸ்டன் ஆறு, அதற்கேற்ற ராடு, பேரிங் எல்லாம் கொண்டு வந்தார். சிலிண்டரைக் குடைந்து அதைப் போட்டால் ஐந்து நாள். கிராங்கை லேசாகத் தேய்த்துவிட்டு அப்படியே மாட்டலாம். பவர் ஒன்றரை மடங்கு, ஆக்சிஜன் குடிப்பது இரண்டு மடங்கு. இரண்டு மாதம் ஓடும், அதற்கு மேல் நான் பொறுப்பில்லை.

மூன்று, ஃபுல் இன்ஜின். சிலிண்டருக்குள் இருக்கிற பழைய லைனர் குழாயைப் பிடுங்கிப் புதியது இறக்கி, கிராங்கைச் சின்ன லேத்தில் கடைந்து, எல்லாம் கம்பெனி அளவுக்கே. ஒன்பது நாள். கப்பல் வருகிற ஏழு மாதத்துக்கும் மூச்சுக் காட்டாமல் ஓடும்.

இன்ஜினை மூடும்போது இடுக்குகளை அடைக்கிற கேஸ்கட் ஒரே ஒரு செட்தான் இருக்கிறது. எதைப் போட்டு மூடினாலும் கப்பல் வரும் வரை அதுதான்.

எல்லாம் மேட்டில் எத்தனை நாளுக்கு இருப்பு என்பதைப் பொறுத்தது. கேட்டேன்.

மேடு, 08:02: “துளை மெஷினை நிறுத்திட்டேன். மூச்சுக்கும் ஹீட்டருக்கும் பத்து நாள் வரும் வாணி.”

நாள் 1113 · 11:45

மேடு, 11:12: “வாணி, என் பிஸ்டனையே போட்டுரேன். அஞ்சு நாள்ல முடிஞ்சுரும்ல.”

எதற்கு அவசரம் என்று கேட்டேன். பதில் வர ரொம்ப நேரம் ஆயிற்று.

மேடு, 11:24: “அவசரமெல்லாம் ஒண்ணுமில்ல. சும்மாதான்.”

சும்மாவாம். எனக்கு ஆத்திரம் எப்படி வந்தது தெரியுமா! மூன்று வருஷமாக அந்தப் பிஸ்டனை மாட்டச் சொல்லி நச்சரித்த வாய். வண்டியைக் கெடுத்ததும் அவர், கெட்ட சாக்கில் ஆசையைத் தீர்த்துக்கொள்ளப் பார்ப்பதும் அவர். மைக்கைப் பிடித்துக்கொண்டு கால் மணி நேரம் பேசினேன். பேசியதெல்லாம் இங்கே எழுதுவதற்கில்லை. சின்னப் பிள்ளைக்கு இருக்கிற புத்தி கூட உனக்கில்லை என்று சொன்னது மட்டும் நினைவிருக்கிறது.

மேடு, 11:41: “சரி. உனக்கு எது சரின்னு படுதோ அதைச் செய்.”

நாள் 1113 · 13:00

மேலே சுற்றுக்கலத்தில் ஒருங்கிணைப்பாளர் ரெஹானாவிடமும் கேட்டேன். நல்லசிவம் அனுப்புகிற இருப்புக் கணக்கு அவளிடம்தான் இருக்கிறது.

சுற்றுக்கலம், 12:51: “பத்து நாள்னுதான் அக்கா சார் கணக்குலயும் இருக்கு. ஃபுல் இன்ஜினே பண்ணிருங்க. இறங்குகலம் கப்பலோடதான் வரும், இங்கிருந்து நாங்க வேற எதுவும் அனுப்ப முடியாது.”

முடிவு: ஃபுல் இன்ஜின். பத்து நாள் கையில் இருக்கும்போது சூதாட்டம் எதற்கு? எந்த மெக்கானிக்கைக் கேட்டாலும் இதையேதான் சொல்வான்.

நாள் 1115 · 18:20

லைனர் ஆறும் பிடுங்கியாயிற்று. மேட்டுக்கும் சொல்லியாயிற்று. இரண்டாவது லைனர் அசையவே மாட்டேன் என்று நான்கு மணி நேரம் வதைத்தது. விரல் மூட்டில் தோல் போயிற்று. பாகங்கள் எல்லாம் தரையில் துணி விரித்து வரிசையாக. இனி மனசு மாறினாலும் திரும்ப முடியாது.

மேட்டிலிருந்து இன்று ஒரே ஒரு செய்தி.

மேடு, 09:00: “நல்லா இருக்கேன்.”

பிஸ்டன் போடாத கோபம். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார். வைத்துக்கொள்ளட்டும். எனக்கு வேலை இருக்கிறது.

நாள் 1117 · 17:45

கிராங்க் கடைசல் முடிந்தது. ஆறு முகமும் ஒரே அளவு, முடி அளவு கூட வித்தியாசமில்லை. இந்தச் சின்ன லேத்தில் இதைச் செய்தேன் என்றால் சங்ககிரியில் ஒரு பட்டறைக்காரனும் நம்ப மாட்டான். காட்டுவதற்குத்தான் ஆளில்லை. அவரிடம் சொல்லலாமென்று கூப்பிட்டேன்.

மேடு, 17:30: “நல்லது வாணி. அதிகம் பேச முடியல. தூக்கம் வருது.”

சாயங்காலம் ஐந்தரைக்குத் தூக்கம். துளை மெஷினை நிறுத்திவிட்டுப் பகலெல்லாம் படுத்துக் கிடப்பார் போலிருக்கிறது. இங்கே நான் முதுகொடிகிறேன்.

நாள் 1119 · 16:00

பிஸ்டன், ராடு ஏற்றியாயிற்று. கையால் சுற்றினால் வெண்ணெய் மாதிரி சுற்றுகிறது.

மேட்டிலிருந்து பேச்சு வரவில்லை, பட்டனை இரண்டு முறை தட்டிய சத்தம் மட்டும். நலம் என்று அர்த்தம். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் முத்து உதிர்ந்துவிடும். ஏழு நாளாகக் கோபம் பிடிக்கிற ஆளை இப்போதுதான் பார்க்கிறேன். நானும் கூப்பிடவில்லை.

நாள் 1121 · 07:10

ஸ்டார்ட் ஆகிவிட்டது. முதல் அடியிலேயே. தட்டல் இல்லை, புகை இல்லை, ஆயில் பிரஷர் புத்தகத்தில் போட்டிருக்கிற மாதிரி. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

ஆக்சிஜன் அறுபது கிலோ ஏற்றினேன். ரன்னிங்-இன் இருக்கிறது. புது இன்ஜினை முதல் ஐந்நூறு கிலோமீட்டர் நாற்பதுக்கு மேல் மிதிக்கக் கூடாது. அவர் கணக்குப்படி இன்னும் ஒரு நாள் மிச்சம் இருக்கிறது. நாற்பதிலேயே போகிறேன். மேட்டைக் கூப்பிட்டேன், பதிலில்லை. தூங்குகிறார்.

நாள் 1121 · 12:40

மேடு வந்து சேர்ந்தேன். 214 கிலோமீட்டர், ஐந்து மணி இருபது நிமிடம். இன்ஜின் நிலை: மிக நன்று.

நிலையத்துக்குள் ஹீட்டர் ஓடவில்லை. விளக்கும் இல்லை.

நாள் 1121 · 14:15

நல்லசிவம் இறந்துவிட்டார்.

படுக்கையில் உடுப்போடு படுத்திருந்தார். டேங்க் முள் பூஜ்யத்தில். உடுப்பிலும் தீர்ந்துவிட்டது. உடுப்பின் மூச்சுப் பதிவு இன்று 10:55 வரை ஓடியிருக்கிறது.

ஒன்றே முக்கால் மணி நேரத்தில் வருகிற தூரம். மிதித்திருந்தால் ஒன்பது மணிக்கு முன்னாலேயே வந்திருப்பேன். நான் இன்ஜினுக்கு நோகாமல் நாற்பதில் வந்தேன்.

நாள் 1121 · 15:30

பத்து நாள் இல்லை. ஆறு நாள்தான் இருந்திருக்கிறது.

அவருடைய நோட்டில் கடைசிப் பக்கத்தில் பென்சிலில் உண்மைக் கணக்கு வேறாக இருக்கிறது. ஞாயிறு ஞாயிறாக நிலைய டேங்கிலிருந்து வண்டிக்கு ஊற்றியது, எத்தனை கிலோ, எந்தத் தேதி. முன்பக்கத்தில் ரெஹானாவுக்கு அனுப்புகிற கணக்கில் அதைக் காட்டவில்லை. அடுத்தடுத்த ஓட்டத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிக்கட்டிவிடலாம் என்று ஓரத்தில் எழுதியிருக்கிறார். சரிக்கட்டுவதற்குள் இன்ஜின் போய்விட்டது.

அதனால்தான் ஐந்து நாள் வேலையைக் கேட்டிருக்கிறார். ஆறுக்குள் ஐந்து. நான் அதை ஆசை என்று நினைத்தேன்.

ஆறு நாள் மூச்சை ஒன்பது நாள் இழுத்திருக்கிறார். ஹீட்டரை அணைத்துவிட்டு, அசையாமல் படுத்து, பேசாமல். நான் அதைக் கோபம் என்று நினைத்தேன்.

நாள் 1121 · 16:10

சுற்றுக்கலம், 16:02: “அக்கா, சார் கணக்குல நாங்களும் ஏமாந்துட்டோம். உங்க மேல தப்பே இல்ல. நீங்க எடுத்த முடிவு சரிதான்.”

சரிதான் ரெஹானா. கிராங்க் முகம் ஆறும் முடி அளவு பிசகவில்லை. அப்படியே எழுதிக்கொள்.

நாள் 1121 · 17:30

ரேடியோவில் அனுப்பாத செய்திகள் ஏழு சேமித்திருக்கிறார். கேட்டேன்.

1113, 08:20: “வாணி, திட்டாம கேளு. ஞாயித்துக்கிழமை வண்டிக்கு”

1113, 11:21: “வாணி, நான் அவசரம்னு சொல்றதுக்குக் காரணம் என்னன்னா. திட்டாத”

1113, 11:40: “வாணி, கோவப்படாம ஒரு நிமிஷம்”

1113, 14:05: “இல்ல, இப்ப வேண்டாம். கோவமா இருப்பா.”

1114-இல் இரண்டு. வெறும் வாணி, வாணி.

1115, 18:40: “லைனரெல்லாம் பிடுங்கிட்டாளாம். இனிமே சொல்லி என்ன. பாவம், அவளாவது நிம்மதியா வேலை பாக்கட்டும்.”

சாவதற்குப் பயப்படவில்லை இந்த மனுஷன். என் வாய்க்குப் பயந்திருக்கிறார்.

பதினைந்து நிமிடம். மைக்கில் நான் பேசிய அந்தப் பதினைந்து நிமிடத்தில் ஒரு இடத்தில் நிறுத்தி, என்ன விஷயம் மாமா என்று

இங்கே உட்கார்ந்து அவரை ஒரு மணி நேரம் திட்டினேன். கிறுக்கு மனுஷா, சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா, சொல்லித் தொலைத்தால் நான் என்ன தலையையா சீவிவிடுவேன். தொண்டை கட்டிவிட்டது

நான் திட்டியிருப்பேன். இல்லையென்று பொய் எழுத மாட்டேன். ஏழு தலைமுறையை இழுத்துத் திட்டியிருப்பேன். திட்டிக்கொண்டே அந்தப் பிஸ்டனை மாட்டி, ஐந்தாம் நாள் காலையில் திட்டிக்கொண்டே கிளம்பியிருப்பேன், வழியெல்லாம் மிதித்துக்கொண்டு