அப்பாவின் வலையும் உன் வேலையும்

முல்லைத்தீவு,
பங்குனி 14.

என் அன்பு மகள் கலிஸ்ராவுக்கு,

அம்மா எழுதுகிறேன். மாதாவின் துணையால் நானும் அப்பாவும் சுகம். நீயும் மன்னாரில் நேரத்துக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்க மன்றாடுகிறேன். போனில் பேசலாம்தான். உன் குரலைக் கேட்டால் எனக்கு அழுகை வந்துவிடும், பிறகு நீயும் அழுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

அப்பாவின் வழக்கு செவ்வாய்க்கிழமை முடிந்தது. கடலோரக் களப்பில் தடைசெய்த சின்னக்கண் வலை போட்டது உண்மை என்று அவரே நீதவானிடம் ஒப்புக்கொண்டார். தண்டம் கட்டினோம். வலை போய்விட்டது, வள்ளத்தைத் திருப்பித் தந்துவிட்டார்கள். கடல் கொந்தளித்து வாரக்கணக்கில் தொழில் இல்லாதபடியால்தான் அந்த வலையை எடுத்தார். குஞ்சு இறாலையும் அது வாரிவிடும் என்பது அவருக்குத் தெரியாததல்ல.

வலை பிடிபட்ட அன்று அவர் உனக்குப் போன் எடுத்தபோது நான் பக்கத்தில் நின்றேன். "நீயும் கடற்றொழில் பரிசோதகர்தானே பிள்ளை, இங்க இருக்கிறவருக்கு ஒரு சொல்லுச் சொல்லன்" என்று கேட்டார். நீ சொன்னதும் எனக்குக் கேட்டது. "அப்பா, இண்டைக்குக் காலமை ஒரு தாய் தன்ர மகன்ர வலைக்காக என்னட்டை வந்து அழுதவா. ஏலாதெண்டு சொல்லி அனுப்பினனான். இப்ப உங்களுக்கு எப்பிடி ஓம் எண்டுறது?" அவர், "எனக்கு மகள் இல்லை" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். அதைக் கேட்டு நீ என்ன பாடுபட்டிருப்பாய் என்று அன்று நான் நினைக்கவில்லை. எனக்கும் உன்மேல் கோபம்தான்.

அடுத்த நாள் அப்பாவுக்குச் சொல்லாமல் கடற்றொழில் கந்தோருக்குப் போனேன். இங்குள்ள பரிசோதகர் திலீபன் இருக்கக் கதிரை தந்தார். நான் யாருடைய தாய் என்று சொன்னேன். "கலிஸ்ரா அக்கா கோல் எடுப்பா எண்டு பயந்துகொண்டிருந்தனான் அம்மா. அவா வேலையில எனக்கு மூத்தவா. கேட்டிருந்தா என்னால மறுத்திருக்க ஏலாது. அவா எடுக்கேல்லை. என்னைக் காப்பாத்திப்போட்டா" என்றார். பிறகு, வள்ளத்தை விடுவிக்க யாரிடம் விண்ணப்பிக்க வேண்டும் என்று ஆறுதலாக விளங்கப்படுத்தினார். எல்லோருக்கும் சொல்வதைத்தான் எனக்கும் சொன்னார். ஆனாலும் வெளியே வரும்போது மனம் நோகவில்லை.

அதனால் ஒன்று கேட்கிறேன், மகள். உன்னிடம் வந்து அழுத அந்தத் தாயைக் கதிரையில் இருக்கச் சொன்னாயா? ஏலாததை ஏலாது என்றுதான் சொல்ல வேண்டும், அதில் நான் இனித் தலையிடமாட்டேன். ஆனால் அவ அதை நின்றபடி கேட்டிருக்கக் கூடாது.

நேற்று மீனவர் சங்கக் கூட்டத்துக்கு நானும் போனேன். அங்கே நாலைந்து வள்ளம் வைத்திருக்கும் ஒரு சம்மாட்டி அப்பாவைப் பார்த்துப் பகிடியாக, "யாக்கோப்பண்ணை, அடுத்த முறை எங்கட வலை பிடிபட்டா மகளைக் கொண்டு ஒரு கோல் எடுப்பியுங்கோ" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அப்பா எழும்பி, "அப்பனுக்கே எடுக்காதவள், உனக்கு எடுப்பாளோ?" என்று கேட்டார். சிரிப்பு நின்றுவிட்டது. அவர் குரலில் கோபம் இல்லை, மகள். எங்கள் சொந்த வள்ளத்தை முதன்முதலாகக் கடலில் இறக்கிய அன்று இருந்த முகம் அது.

வீட்டுக்கு வந்து உன்னைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. சாப்பிடும்போது மட்டும், "மன்னாரில வேலை செய்யிற உத்தியோகத்தருக்கு உயிர்த்த ஞாயிறுக்கு லீவு கிடைக்குமோ?" என்று கேட்டார். எந்த உத்தியோகத்தர் என்று நான் கேட்கவில்லை.

அவர் போன் எடுக்கமாட்டார். அப்பாவை உனக்குத் தெரியும்தானே. நீ லீவு எடுத்துக்கொண்டு வா. பஸ் வரும் நேரத்தை எனக்குச் சொல். சந்திக்கு நான் வரமாட்டேன், எனக்குக் கால் நோவு என்று சொல்லி அவரை அனுப்பிவிடுவேன்.

உன் நெற்றியில் சிலுவை வரைந்து முத்தமிடும்,
அம்மா அருளம்மா